தாளுக்கும் ஒரு திரை வேண்டும்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஒரு ஆலை விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், அங்கே இரண்டு விதமான ஆதாரங்களைப் பார்க்கலாம். ஒன்று, மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் வண்ணப் படங்களாக ஓடும். நிறுவனத்தின் லேப்டாப்பிலிருந்து வருவது. இன்னொன்று, மைக் முன்னால் வந்து நிற்பவரின் கையில் நாலாக மடித்த ஜெராக்ஸாக இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில், பழைய வரைபடத்தின் நகல், படகுப் பதிவுச் சான்று, எண்ணெய் படிந்த வலையின் போட்டோ. பேசுகிறவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். முதல் வரிசையில் இருப்பவருக்கே அது ஒரு தாள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. மூன்று நிமிடத்தில் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

இந்த ஏற்றத்தாழ்வைப் பெரிய அளவுக்குச் சரிசெய்யக்கூடிய ஒரு கருவி சந்தையில் இருக்கிறது. விலையும் எட்டாத விலை இல்லை. டாக்குமென்ட் கேமரா என்கிறார்கள். பள்ளி, கல்லூரிகளில் விஷுவலைசர் என்ற பெயரும் உண்டு. மேசைமேல் ஒரு கம்பம், அதன் நுனியில் கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா, பக்கத்தில் ஒரு எல்.இ.டி. விளக்கு. அவ்வளவுதான். அதன் கீழே எதை வைத்தாலும், தாளோ, புத்தகமோ, போல்ட்டோ, இறாலோ, பேனா பிடித்த கையோ, அந்த நொடியே புரொஜெக்டர் திரையிலும் டி.வி.யிலும் பெரிதாகத் தெரியும். ஸ்கேன் செய்ய வேண்டாம். ஸ்லைடு தயாரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டாம்.

வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சிக் கருவி வேறு இல்லை என்று நினைக்கிறேன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் நீளும் இந்தப் பட்டையில், பெரும்பாலானவர்களின் அறிவு கையில் இருக்கிறது. உரிமை தாளில் இருக்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி அசோக் லேலண்டாக வளர்ந்த எண்ணூர் ஆலையும், புல்லட் டாங்குகளில் தங்க நிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுத்த திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையும் கைத்திறனில் வளர்ந்தவை. காசிமேட்டில் வலை கட்டுவது கையால். இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்த கைகளைச் சீரமைப்பதற்கென்றே ஸ்டான்லி மருத்துவமனையில் பெயர்பெற்ற தனித் துறை இருக்கிறது என்றால், இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்பது புரியும். பவர்பாயின்ட் ஸ்லைடில் ஏறாத அறிவு இது. கேமராவின் கீழே கையை நீட்டினால் ஏறிவிடும்.

பதினேழாவது கோடு

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேருகிற பிள்ளை முதலில் தொடும் கருவிகளில் ஒன்று வெர்னியர் கேலிப்பர். முக்கிய அளவுகோலில் 49 மில்லிமீட்டர் இருக்கும் நீளத்தை, நகரும் அளவுகோலில் 50 பாகங்களாகப் பிரித்திருப்பார்கள். அதாவது ஒரு பாகம் 0.98 மி.மீ. மேலே உள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் இதற்கும் வித்தியாசம் 0.02 மி.மீ. அதுதான் அந்தக் கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு. முக்கிய அளவு 23-ஐத் தாண்டியிருக்கிறது, நகரும் அளவுகோலின் 17-வது கோடு மேலே உள்ள ஒரு கோட்டோடு நேர்கோட்டில் நிற்கிறது என்றால், 17-ஐ 0.02-ஆல் பெருக்கி 0.34. ஆக, 23.34 மி.மீ.

கணக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். எந்தக் கோடு நேராக நிற்கிறது என்று கண்ணால் பிடிப்பதில்தான் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். 16-ம் 18-ம்கூட நேராக நிற்பதுபோலவே தோன்றும். பயிற்றுநர் கேலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால், சுற்றி நாலு பேர் எட்டிப் பார்க்கலாம். ஐந்தாவது பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவனின் தோள். எட்டிப் பார்க்கிற நாலு பேரும் நாலு கோணத்திலிருந்து பார்க்கிறார்கள். இரண்டு அளவுகோல்களும் ஒரே தளத்தில் இல்லாததால், கோணம் மாறும்போது நேராகத் தெரிகிற கோடும் மாறிவிடும். பள்ளி இயற்பியல் பாடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்.

கேலிப்பரை டாக்குமென்ட் கேமராவின் கீழே கிடத்தி, கேமராவைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த இரண்டு சென்டிமீட்டர் பகுதியை மட்டும் நெருக்கிப் பாருங்கள். சுவர் முழுக்கக் கோடுகள். கடைசி பெஞ்சில் இருப்பவனும் பயிற்றுநரின் அதே கோணத்தில் பார்க்கிறான். ‘ஃப்ரீஸ்’ பட்டனை அழுத்தினால் படம் திரையில் அப்படியே நின்றுவிடும். “ரீடிங் என்னன்னு ஒவ்வொருத்தரும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் அடுத்த வேலைத்துண்டை எடுத்து வைக்கலாம். நாற்பது பேரில் எத்தனை பேர் 16 என்று எழுதினார்கள், எத்தனை பேர் 18 என்று எழுதினார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வெல்டிங் பிரிவுக்கும் இது பொருந்தும். ஆறிய வெல்டிங் தடத்தைக் கேமராவின் கீழே வைத்து விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால், அண்டர்கட் (ஓரப் பள்ளம்) எங்கே இருக்கிறது, போரோசிட்டி (காற்றுத் துளை) எங்கே இருக்கிறது என்று நிழலோடு தெரியும். எரிகிற ஆர்க்கை மட்டும் ஒருபோதும் காட்டக் கூடாது. கேமராவின் சென்சார் கெட்டுவிடும், திரையில் ஒன்றும் தெரியவும் தெரியாது.

காசிமேட்டுக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, வலை சீரமைக்கும் வேலை நடக்கும் காலம். கண்ணி அளவு பற்றிச் சட்டம் பேசுகிறது, அதிகாரிகள் பேசுகிறார்கள், பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடு போடுகிறார்கள். கண்ணியை எப்படி அளப்பது என்பதோ ஒரு கைவேலை. கண்ணியை இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சின் நடுவிலிருந்து எதிர் முடிச்சின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது, முடிச்சின் எந்த இடத்தில் ஸ்கேலை வைப்பது என்பதைப் பொறுத்து அளவு மாறும். அனுபவமுள்ள ஒரு மீனவர் வலைத் துண்டைக் கேமராவின் கீழே விரித்து அளந்து காட்டினால், அந்த வகுப்பில் ஆசிரியர் அவர்தான். அவர் மேடை ஏறி மைக் பிடித்துப் பேச வேண்டியதுகூட இல்லை.

எப்படி வந்தது இந்தக் கருவி

தாளை நேரடியாகத் திரையில் காட்டும் ஆசை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர் அதற்கான ஒரு கருவியை விவரித்திருக்கிறார். தாளின்மேல் பலமான ஒளியைப் பாய்ச்சி, தெறிக்கும் ஒளியைக் கண்ணாடிகள், லென்ஸ்கள் வழியாகச் சுவரில் விழச் செய்வது அதன் முறை. இருபதாம் நூற்றாண்டில் எபிடயஸ்கோப் என்ற பெயரில் கல்லூரிகளில் இருந்தது இந்த வகைதான். அறையை இருட்டாக்க வேண்டும். விளக்கின் சூட்டில் தாள் சுருளும். அடுத்து வந்த ஓ.எச்.பி. (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) வெளிச்சத்திலும் வேலை செய்தது. ஆனால் காட்ட வேண்டியதையெல்லாம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டில் எழுதியாக வேண்டும். தாளை அப்படியே வைத்தால் கறுப்பாகத்தான் தெரியும்.

கண்ணாடிக்குப் பதிலாக வீடியோ கேமராவை வைத்த கருவிகள் 1988-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் சந்தைக்கு வந்தன. ஆஸ்திரியாவின் வுல்ஃப்விஷன், ஜப்பானின் எல்மோ ஆகிய இரண்டு நிறுவனங்கள் கொண்டுவந்தவை. அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் இந்தக் கருவியையே ‘எல்மோ’ என்று அழைக்கும் அளவுக்கு அது அங்கே ஊன்றிவிட்டது.

நம் ஊரில் இதன் அருமை பலருக்கும் உறைத்தது 2020 ஊரடங்கில். கரும்பலகை இல்லாமல் வேதியியல் சமன்பாட்டை எப்படி எழுதிக் காட்டுவது? புனேயில் ஒரு வேதியியல் ஆசிரியை துணி மாட்டும் ஹேங்கரில் போனைக் கட்டித் தொங்கவிட்டுப் பாடம் எடுத்த படம் நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் எத்தனையோ ஆசிரியர்கள் ஸ்டூலை, புத்தக அடுக்கை, பிரிட்ஜின் கண்ணாடித் தட்டை வைத்துச் சமாளித்தார்கள். அவர்கள் வீட்டில் செய்துகொண்டது டாக்குமென்ட் கேமராவேதான். பள்ளி திறந்ததும் அந்த வழக்கம் நின்றுபோனதுதான் வருத்தம். இன்று அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்திருக்கின்றன, திரை இருக்கிறது. அந்தத் திரையில் தயாரித்த வீடியோ ஓடுகிறது. ஆசிரியர் ‘ழ’ எழுதும்போது கை எந்தப் பக்கம் வளைகிறது என்பதும், ஒரு மாணவி போட்ட கணக்கு எந்த வரியில் தவறியது என்பதும் அந்தத் திரையில் வருவதில்லை. திரை வாங்கிய பள்ளி அதோடு ஒரு டாக்குமென்ட் கேமராவையும் வாங்கியிருந்தால், பிள்ளையின் நோட்டுப் புத்தகமே பாடமாகியிருக்கும்.

மெகாபிக்சலை மட்டும் பார்க்காதீர்கள்

கடையில் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. 8, 13 என்று எண் ஏறும், விலையும் ஏறும். அந்த எண் பெரும்பாலும் போட்டோ எடுப்பதற்கான அளவு. திரையில் நேரடியாக ஓடும் படத்தின் தெளிவு வேறு. அதோடு, கேமரா எவ்வளவு தெளிவாகக் கொடுத்தாலும் புரொஜெக்டர் எவ்வளவு காட்டுமோ அவ்வளவுதான் தெரியும். பழைய புரொஜெக்டர் பலவும் 1024-க்கு 768 புள்ளிகள் கொண்டவை. அதில் ஒரு ஏ4 தாளை நெட்டுக்குத்தாக முழுவதும் காட்டினால், 29.7 செ.மீ. உயரம் 768 புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். அரசுக் கடிதங்களில் வரும் 10 பாயின்ட் எழுத்துக்கு ஒன்பது புள்ளி உயரம்தான் கிடைக்கும். ஆங்கில எழுத்து ஒன்பது புள்ளியில் தட்டுத்தடுமாறிப் பிழைத்துக்கொள்ளும். தமிழுக்கு மேலே புள்ளியும் சுழியும் இருக்கின்றன, கீழே வளைவு இருக்கிறது. ‘ல்’ எது, ‘ல’ எது, ‘னு’ எது, ‘னூ’ எது என்று தெரியாது.

இதற்கு வழி, முழுத் தாளையும் காட்டாமல் இருப்பது. தாளின் அகலம் திரையை நிரப்பும்படி நெருக்கினால் அதே எழுத்து 17 புள்ளி உயரத்துக்கு வந்துவிடும். பத்தி பத்தியாக நகர்த்திக்கொண்டே போகலாம். கேட்கிறவர்களும் உங்களோடு சேர்ந்து வாசிப்பார்கள்.

நெருக்குவதில் இரண்டு வகை. லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது ஆப்டிகல் ஜூம். படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். விலை குறைந்த கருவிகளில் இரண்டாவதுதான் இருக்கும். அதை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. 13 மெகாபிக்சல் சென்சாரில் அகலத்துக்கு நாலாயிரம் புள்ளிகளுக்கு மேல் இருக்கும், ஃபுல் எச்.டி. திரைக்கு 1,920 போதும். ஆகவே ஏறக்குறைய இரண்டு மடங்கு வரைக்கும் நெருக்கினாலும் தெளிவு கெடாது. அதைத் தாண்டினால் கலங்கும். வெர்னியர் கோட்டைக் காட்ட வேண்டும் என்றால் கேமராவைக் கம்பத்தோடு கீழே இறக்குவது நல்லது. எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும் என்று கேட்டு, கடையிலேயே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபோகஸைப் பற்றி இன்னொன்று. தானாக ஃபோகஸ் செய்யும் கேமரா, தாளின்மேல் உங்கள் விரல் வந்ததும் விரலைப் பார்க்கத் தொடங்கிவிடும். எழுத்து மங்கும், மறுபடி தெளியும், மறுபடி மங்கும். பார்க்கிறவர்களுக்குத் தலை வலிக்கும். ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிவைக்கும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கருவியை வாங்க வேண்டாம் என்பேன்.

விளக்குக்கு வருவோம். நம் ஊரில் முக்கியமான தாள் என்றால் உடனே லேமினேட் செய்துவிடுவோம். பட்டா, சாதிச் சான்றிதழ், பழைய ரசீது எதுவானாலும். லேமினேட் செய்த தாளைக் கேமராவின் சொந்த விளக்குக்குக் கீழே வைத்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்து எழுத்தை மறைத்துவிடும். அந்த விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் சாய்வாக ஒரு மேசை விளக்கை வையுங்கள். வட்டம் போய்விடும். கீழே விரிக்கக் கறுப்போ சாம்பலோ, பளபளப்பில்லாத அட்டை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடினால் கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு நூறு முறை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு அமைத்து அனுப்பிய கேமரா இந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் பட்டை காட்டும். அமைப்புகளில் போய் 50 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இணைப்பு எப்படி என்பதும் முக்கியம். யு.எஸ்.பி.யில் மட்டும் வேலை செய்யும் கருவிக்கு லேப்டாப் வேண்டும். எச்.டி.எம்.ஐ. வழியாக நேரே டி.வி.யிலோ புரொஜெக்டரிலோ செருகும் கருவிக்கு எதுவும் வேண்டாம். வகுப்பறைக்கு முதல் வகை போதும். பொதுக்கூட்டத்துக்கு இரண்டாவது வகைதான் சரி. கூட்டம் நடக்கும்போது லேப்டாப் அப்டேட் கேட்டு நிற்கும் அபாயம் அதில் இல்லை. காட்டியதைப் படமாகச் சேமித்துக்கொள்ளும் மெமரி கார்டு வசதியும் இருக்கட்டும்; ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஏ3 தாள் முழுவதும் சட்டத்துக்குள் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏ4-க்கு மட்டும் செய்த கருவி வரைபடத்துக்கு உதவாது.

காசு இல்லையென்றால் போனே போதும். கழுத்தை வளைக்கும் ஸ்டாண்டு ஒன்று சில நூறு ரூபாய். ஆண்ட்ராய்டு 14 முதல் சில போன்களைக் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து வெப்கேமராவாகவே பயன்படுத்த முடிகிறது. ஏரோபிளேன் மோடில் போட மறந்துவிடாதீர்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் சபை முழுவதும் பெயர் தெரியும்.

வடசென்னைக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. இங்கே காற்றில் உப்பும் சாம்பலும் கலந்திருக்கின்றன. யு.எஸ்.பி. முனைகள் பச்சை பிடிக்கும், லென்ஸில் பூஞ்சை வரும். வேலை முடிந்ததும் கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். லென்ஸைத் துணியால் துடைக்கும் முன் தூசியை ஊதி அகற்றுங்கள். அனல்மின் நிலையச் சாம்பலின் துகள் லென்ஸின் பூச்சைக் கீறிவிடும்.

ஐம்பது மீட்டர், ஐந்து புள்ளி

இனி வரைபடத்துக்கு. இந்தக் கருவி எண்ணூரில் ஏன் அவசரம் என்பது இங்கேதான் புரியும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடங்கள் இரண்டு அளவில் வருகின்றன. ஒன்று 1:25,000. இன்னொன்று உள்ளூர் அளவில் 1:4,000. முதல் வகையில் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். இரண்டாவதில் ஒரு மில்லிமீட்டர் 4 மீட்டர். அந்த மண்டலங்களுக்கான 2019 அறிவிக்கைப்படி, கடல் ஏற்றம் உள்ளே வரும் கழி, ஆறு போன்றவற்றின் கரையில் 50 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அதுவரைக்கும் கட்டுப்பாடு. அந்த 50 மீட்டர் 1:25,000 வரைபடத்தில் வெறும் இரண்டு மில்லிமீட்டர். ஏ3 தாளில் அச்சிட்ட அந்த வரைபடத்தைச் மேலே சொன்ன பழைய புரொஜெக்டரில் முழுவதுமாகப் போட்டால் அது ஐந்து புள்ளி அகலம். மண்டபத்தில் இருக்கிற யாருக்கும் தெரியாது. கோடு குடியிருப்புக்கு இந்தப் பக்கம் போகிறதா அந்தப் பக்கம் போகிறதா, வலை காயவைக்கும் திடல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் “வரைபடம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது” என்று குறிப்பேட்டில் ஏறிவிடும்.

அதே தாளைக் கேமராவின் கீழே வைத்து, பத்து சென்டிமீட்டர் பகுதியை மட்டும் நெருக்கினால் அந்த 50 மீட்டர் இருபது புள்ளியாக விரியும். 1:4,000 வரைபடம் கிடைத்தால், அதே நெருக்கத்தில், நூறு புள்ளிக்கு மேல். காட்டுக்குப்பத்துக்காரரோ முகத்துவாரக்குப்பத்துக்காரரோ தன் ஆள்காட்டி விரலை வைத்து, “ஐயா, இந்த இடத்துலதான் நாங்க இறால் பிடிக்கிறோம், கோடு இங்க வருது பாருங்க” என்று சொல்லலாம். ஆட்சியருக்கும் தெரியும், நிறுவனத்தின் ஆலோசகருக்கும் தெரியும், பின்வரிசையில் நிற்கும் பெண்களுக்கும் தெரியும். விரல் எந்த இடத்தைத் தொட்டது என்பது வீடியோவிலும் பதிவாகும். ஆறும் கழியும் கடலும் எங்கே எப்படிச் சேர்கின்றன என்று தினமும் தண்ணீரில் நிற்பவருக்குத் தெரிவதுபோல் ஸ்லைடு தயாரித்தவருக்குத் தெரியாது.

எண்ணூரில் வரைபடம் என்பது வெறும் காகித விவகாரம் இல்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இந்தக் கழிமுகத்துக்கு 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடம் ஒன்று உண்டு. பின்னர் அரசுத் தரப்பில் பயன்படுத்தப்பட்ட வேறொரு வரைபடத்தில், கழிமுகத்தின் ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பு காணாமல் போயிருக்கிறது என்று 2017-ல் மீனவர்களும் செயல்பாட்டாளர்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களோடு குற்றம்சாட்டினார்கள். 2023-ல் தமிழகக் கடற்கரைக்கான வரைவு வரைபடங்கள் வந்தபோதும், மீனவர்களின் குடியிருப்புகளும் பொது இடங்களும் விடுபட்டிருப்பதாக எதிர்ப்பு எழுந்தது. இரண்டு முறையும் வாதம் ஒரே வகைதான்: இந்தத் தாளையும் அந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்குமென்ட் கேமரா செய்வது அதைத்தான். சில கருவிகளில் முதல் தாளை உறையவைத்துத் திரையின் பாதியில் நிறுத்தி, மறுபாதியில் இரண்டாவது தாளை நேரடியாகக் காட்டவும் முடியும்.

தாளோடு நிற்க வேண்டியதும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. அப்படி ஒரு வலைத் துண்டையோ, ஒரு தட்டில் எடுத்த சாம்பல் கலந்த சேற்றையோ, அதற்குப் பக்கத்தில் நல்ல சேற்றையோ கேமராவின் கீழே வைத்தால் ஆயிரம் சொற்கள் மிச்சம்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா? 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக் கேட்பை எப்படி நடத்த வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நிறுவனத்தின் பிரதிநிதி திட்டத்தைப் பற்றிய விளக்கக் காட்சியோடு கூட்டத்தைத் தொடங்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்கும் வாய்ப்பு தர வேண்டும். முழு நிகழ்வையும் வீடியோ எடுக்க வேண்டும். பேசப்பட்டதன் சுருக்கத்தை மக்கள் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். நிறுவனத்துக்கு விளக்கக் காட்சி கடமையாகவே இருக்கிறது. மக்களுக்குப் பேசும் உரிமை இருக்கிறது. காட்டும் வசதி மட்டும் இல்லை. அதைத் தடுக்கவும் எந்த விதியும் இல்லை.

நீதிமன்றங்கள் இதில் முந்திவிட்டன. சாட்சியை வீடியோ கான்பரன்ஸில் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. 2020-ல் நீதிமன்றங்களுக்காக வந்த வீடியோ கான்பரன்ஸ் மாதிரி விதிகளில், இருக்க வேண்டிய கருவிகளின் பட்டியலில் கேமரா, மைக், திரையோடு டாக்குமென்ட் விஷுவலைசரும் இருக்கிறது. தொலைவில் இருக்கும் சாட்சிக்கு ஒரு ஆவணத்தைக் காட்ட வேண்டுமானால் இந்தக் கருவி வழியாகக் காட்டலாம் என்று அந்த விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஒரு கடன் பத்திரத்தைச் சாட்சி கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நீதித்துறை கருதுகிறது. நாலு குப்பங்களின் அடுத்த ஐம்பது ஆண்டைத் தீர்மானிக்கும் கூட்டத்திலும் தாள் சபைக்குத் தெரிய வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். கேமரா தாளைப் பெரிதாக்கும். அது உண்மையான தாள் என்று சான்று சொல்லாது. ஆகவே காட்டும்போது முதலில் தேதி, கடித எண், முத்திரை, கையெழுத்து இவற்றைக் காட்டுங்கள். அதன் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். நகலை மனுவோடு இணைத்து எழுத்துபூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மெமரி கார்டு வசதி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். திரையில் காட்டிய ஒவ்வொரு படமும் நேரத்தோடு சேமிக்கப்பட்டு, கூட்டத்தின் பதிவோடு சேர வேண்டும். ஆதார் அட்டையைக் காட்ட நேர்ந்தால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் வகையை எடுத்துச் செல்லுங்கள், அல்லது மேலே ஒரு துண்டுத் தாளை வைத்து மறையுங்கள். சபை முழுவதும் போன் கேமராக்கள் இருக்கும்.

இந்தப் பட்டையில் கூட்டங்கள் நிற்கப்போவதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்பு 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்தது. இன்னும் வரும்.

அடுத்த அறிவிப்பு நாளிதழில் வந்த அன்றைக்கே உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தோ, மீனவர் கூட்டுறவுச் சங்கமோ, குடியிருப்போர் சங்கமோ மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் மூன்று கோரிக்கைகள் போதும். ஏ3 தாள் அடங்கும் டாக்குமென்ட் கேமரா ஒன்று, பேசுகிறவரின் மைக்குக்குப் பக்கத்திலேயே, நிறுவனம் பயன்படுத்தும் அதே திரையோடு இணைக்கப்பட்டு இருக்க வேண்டும். அதைக் கையாள ஒரு ஆள் இருக்க வேண்டும். காட்டப்பட்ட படங்கள் கூட்டத்தின் பதிவில் சேர வேண்டும். உங்களுக்கு முப்பது நாள் அவகாசம் இருக்கிறது. கடிதம் முதல் வாரத்திலேயே போய்ச் சேரட்டும்.